கிடாயை வெல்லுமா சினை ஊசி?

1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமரன் என்பவர் ஹள்ளிகார் பசுக்களுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் காளையின் விந்தைச் செலுத்தினார். 33 பசுக்கள் சினை பிடித்தன. இந்தியாவில் முறைப்படி நடந்த முதல் செயற்கைக் கருவூட்டல் என்று கால்நடைப் பாடநூல்கள் இதைத்தான் சொல்கின்றன. ஹள்ளிகாரும், ஒகேனக்கலை ஒட்டிய காவிரிக்கரையில் பெயர் பெற்ற ஆலம்பாடியும் ஒரே மைசூர்க் கூட்டத்து உழவு மாடுகள். ஆக, இந்தத் தொழில்நுட்பம் தருமபுரிக்கு அயல்நாட்டு விருந்தாளி அல்ல, நாட்டில் அது தொடங்கியதே அடுத்த வீட்டில்தான்.

இன்று பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ கறவை மாடு வைத்திருப்பவரிடம் 'சினை ஊசி' என்றால் விளக்கம் தேவையில்லை. மாடு கத்தினால் கைப்பேசியை எடுக்கிறார்கள். ஆனால் அதே ஊரில் நாற்பது மேச்சேரிச் செம்மறி ஆடு மேய்ப்பவரிடம் ஆட்டுக்குச் சினை ஊசி போட்டதுண்டா என்று கேட்டால் சிரிப்பார். மாட்டுக்கு இத்தனை பரவிய ஒன்று ஆட்டுக்கு ஏன் வரவில்லை? கால்நடைத் துறைக்கு அக்கறை போதாது என்கிறார்கள் சிலர். ஆட்டுக்கு அது சரிப்படாது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் பணம் வீணாகும், போடாமல் விட்டால் வாய்ப்பு வீணாகும். எனவே காரணங்களை ஒவ்வொன்றாக எடை போட்டுத்தான் தீர்ப்புக்கு வர வேண்டும்.

முதலில் மாடு. ஏனென்றால் நமக்குப் பட்டறிவு இருப்பது அங்கேதான்.

இந்தியாவில் கருவூட்டலின் சராசரி வெற்றி நூற்றுக்கு ஏறத்தாழ 35 என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. மூன்று ஊசிக்கு ஒரு சினை என்று கொள்ளலாம். மீதி இரண்டு ஊசி எங்கே போயின என்று கேட்டால், மாட்டுக்காரர் ஊசியைக் குறை சொல்வார்: "மருந்து சரியில்லீங்க." ஊசி போடுபவர் மாட்டுக்காரரைக் குறை சொல்வார்: நேரம் தவறிக் கூப்பிட்டார் என்று. குற்றவாளி ஒருவர்தான் என்று நினைப்பதால் வரும் சண்டை இது.

இனப்பெருக்கம் படித்தவர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகப் போடுவார்கள். பருவத்தைச் சரியாகக் கண்டறிந்த அளவு, பசுவின் கருத்தரிக்கும் திறன், விந்தின் திறன், ஊசி போடுபவரின் கைத்திறன் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். நான்கும் நூற்றுக்கு 90 என்றிருந்தால் கிடைப்பது 66 சினை. நான்கும் 80 ஆனால் 41. நான்கும் 70 ஆகிவிட்டால் வெறும் 24. நம் நாட்டுச் சராசரியான 35 வருவதற்கு, நால்வரும் தத்தம் வேலையை நூற்றுக்கு 77 என்ற அளவில் செய்தாலே போதும். பள்ளிக்கூடத்தில் 77 மதிப்பெண் எடுத்த பிள்ளையை யாரும் கண்டிப்பதில்லை. இந்தக் கணக்கு சொல்வது இதுதான்: எவரும் படுமோசமாக நடந்துகொள்ளாமலே மூன்றில் இரண்டு ஊசி வீணாக முடியும். நால்வரில் ஒருவரை மட்டும் 77-லிருந்து 95-க்கு உயர்த்தினாலும் மொத்தம் 43-ஐத் தாண்டாது.

ஆனாலும் நான்கும் ஒரே எடை கொண்டவை என்று நான் ஏற்கவில்லை. தருமபுரியைப் பொறுத்தவரை ஒன்றைவிட ஒன்று கூடுதலாகக் கசிகிறது.

விந்தில் தொடங்குவோம், பழி அதிகம் விழுவது அதன்மேல்தான் என்பதால். ஓர் உறைவிந்துக் குச்சியில் கால் மில்லி திரவம், அதில் சுமார் 2 கோடி உயிரணுக்கள். உருக்கிய பிறகு பாதியாவது ஓட்டத்தில் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. உறைவிந்து நிலையங்களை மத்தியக் கண்காணிப்புக் குழு நேரில் வந்து பார்த்துத் தரம் பிரிக்கிறது. நிலையத்தை விட்டுப் புறப்படும்போது சரக்கு பெரும்பாலும் நல்ல சரக்குதான். கெடுவது வழியில். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. மைனஸ் 130-க்கு மேல் ஏறினாலே உயிரணுவுக்குள் பனிப்படிகங்கள் மாறத் தொடங்கிச் சவ்வு கிழிகிறது. சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியில் கட்டிய கொள்கலத்தை மரத்தடியில் திறந்து, குச்சியைத் தேடிக் குவளையைக் கழுத்துக்கு மேல் தூக்கி வைத்திருக்கும் அரை நிமிடத்தில், எடுக்கப்போகும் ஒரு குச்சி மட்டுமல்ல, திரும்ப உள்ளே போகும் மற்றக் குச்சிகளும் அடிபடுகின்றன. அந்த அடி கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வாரம் வேறோர் ஊரில், வேறொரு பசுவில் அது வெளிப்படும். உருக்குவதிலும் இதே கதைதான். 37 டிகிரி நீரில் அரை நிமிடம் என்பது பாடம். வெப்பமானி இல்லாத இடத்தில் சட்டைப்பையும் உள்ளங்கையும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆக, 'மருந்து சரியில்லை' என்ற குற்றச்சாட்டில் பொருள் இருக்கிறது. நிலையத்தைக் குறிவைப்பதுதான் தவறு.

ஊசி போடுபவரின் கை. மாட்டில் விந்து விழ வேண்டிய இடம் கருப்பைக் கழுத்தைத் தாண்டியவுடன் உள்ள கருப்பை உடல். முன்னே நின்றுவிட்டால் பெரும்பகுதி வெளியே வழியும், அதிகம் போனால் ஒரு கொம்புக்குள் மட்டும் விழும். இது பழகப் பழக வரும் கை. ஒரே காளையின் குச்சியை ஒரே வட்டாரத்தில் போடும் இருவருக்குள் பெரிய வேறுபாடு வருவது உலகெங்கும் பதிவான செய்தி. ஆனால் நம் நடைமுறையில் பாராட்டு எதற்குக் கிடைக்கிறது? இத்தனை ஊசி போட்டேன் என்ற எண்ணிக்கைக்கு. காது வில்லையின் 12 இலக்க எண்ணோடு ஊசி விவரம் செயலியில் ஏறும் காலம் இது. சினைப் பரிசோதனையும் கன்று ஈன்றதும் அதே அக்கறையோடு ஏறாவிட்டால், யார் கை தேர்ந்தது, யாருக்கு மறுபயிற்சி வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இலக்கு ஊசியில் இருக்கும்வரை கன்றுக்கு யாரும் பொறுப்பாளி இல்லை.

மூன்றாவது பசுவின் உடல். தருமபுரி ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெறும் மாவட்டம். அதுவும் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை. கேழ்வரகுத் தாளும் சோளத்தட்டும் தீர்ந்த பங்குனி, சித்திரையில் கலப்பினப் பசு தன் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது. உடல் இளைத்துக்கொண்டே போகும் பசுவுக்குச் சினைமுட்டை முதிர்ந்தாலும் கரு நிலைப்பது கடினம். தாது உப்புக் குறைந்தால் பருவமே வெளித்தெரியாமல் போகும். இதற்காகவே கால்நடைப் பல்கலைக்கழகம் 'டானுவாஸ் ஸ்மார்ட்' என்ற தாது உப்புக் கலவையை விற்கிறது. பொட்டலத்தின் விலை ஒரு வீணான ஊசியால் இழக்கும் மூன்று வாரப் பாலின் விலையைவிடக் குறைவு. இருந்தும் வாங்குபவர் குறைவு. சினைக்கு ஊசிதான் பொறுப்பு என்ற எண்ணம் அவ்வளவு வேரூன்றிவிட்டது. ஊரில் தண்ணீரையும் பழி சொல்வார்கள். இம்மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. சினை பிடிக்காத மாட்டுக்கெல்லாம் அதைக் காரணமாக்குவது தீவனத்தொட்டியைப் பார்க்காமல் இருக்க ஒரு சாக்கு.

நான்காவதும் என் கணக்கில் முதலாவதும் நேரம்தான். பசுவின் பருவம் 12 முதல் 18 மணி நேரம். சினைமுட்டை வெளிவருவது பருவம் முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்று இன்றும் எல்லாரும் சொல்லும் விதி 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் செய்த ஆய்விலிருந்து வந்தது. விதி எளியது. அதைக் கடைப்பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பருவம் எப்போது தொடங்கியது என்று கவனித்தவர் ஒருவர், சொன்ன நேரத்துக்கு வரக்கூடியவர் இன்னொருவர். சித்தேரி மலையடிவாரத்தில் கட்டிய மாடு இரவு இரண்டு மணிக்குப் பருவத்துக்கு வந்தால் தெரிவது காலை ஆறு மணிக்குப் பால் கறக்கும்போது. சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போகிறார். கால்நடைக் கிளை நிலையத்தில் இருப்பவர் நான்கு ஊர் சுற்றி மாலையில் வருகிறாரா, மறுநாள் வருகிறாரா என்பது அன்றைய அழைப்புகளைப் பொறுத்தது. வேறு நாடுகளில் பாலில் புரோஜெஸ்டிரான் அளந்து பார்த்தபோது இதைவிடக் கசப்பான ஒன்று தெரிந்தது. ஊசி போடப்பட்ட பசுக்களில் ஒரு பங்கு அன்றைக்குப் பருவத்திலேயே இல்லை. எருமையில் நிலைமை இன்னும் மோசம். அது கத்தாமலே பருவத்தைக் கடந்துவிடும், கோடையில் அடையாளம் காட்டுவதே அரிது.

இந்த வரிசையை வைத்துப் பார்க்கும்போது பாலினம் பிரித்த விந்துக்கு இப்போது கிடைக்கும் ஆரவாரத்தையும் சற்று நிதானமாக எடை போடலாம். அதில் ஒரு குச்சிக்கு உயிரணு 2 கோடி இல்லை, பெரும்பாலும் 20 முதல் 40 லட்சம்தான். வழக்கமான விந்து 35 சினை தரும் இடத்தில் இது 28 தரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்துக்கு ஒன்பது கிடேரி என்றால் 25 கிடேரிக் கன்றுகள், வழக்கமான முறையில் 17 அல்லது 18. கணக்கு பாலினம் பிரித்த விந்தின் பக்கம்தான் நிற்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சினை நிற்காத 72 பசுக்கள் இன்னும் மூன்று வாரம் சும்மா நிற்கும் செலவு அந்தக் கணக்கில் இல்லை. நேரமும் தீவனமும் சரியாக உள்ள பண்ணைக்கு அது நல்ல பொருள். மற்றவருக்கு அது விலை கூடிய தோல்வி.

இனி ஆடு. இங்கே மாட்டுக் கணக்கை அப்படியே நகலெடுத்தவர்கள்தான் தடுக்கி விழுந்தார்கள்.

மேச்சேரிச் செம்மறி சேலம், ஈரோடு, தருமபுரிப் பகுதிகளின் சொந்தச் சொத்து. இளம் பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை, கம்பளி இல்லாத குட்டை மயிர். கறியோடு தோலுக்கும் பெயர் பெற்றது. வளர்ந்த பெட்டை இருபது இருபத்தைந்து கிலோ இருக்கும். அதற்கென மேட்டூர் பக்கம் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் 1970-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. தருமபுரிக்கு அங்கிருந்து தொப்பூர்க் கணவாய் வழியே இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இந்தத் தொலைவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

செம்மறிப் பெட்டையின் கருப்பைக் கழுத்துதான் இந்த வழக்கின் முதல் சாட்சி. ஆறேழு சென்டிமீட்டர் நீளம். உள்ளே நான்கிலிருந்து ஏழு மடிப்பு வளையங்கள், ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் பார்த்த புனல் வடிவில். அவை நேர்கோட்டிலும் இல்லை. முதல் வளையத்தைத் தாண்டிய கருவி இரண்டாவதில் பக்கச்சுவரில் முட்டி நிற்கும். மாட்டைப்போல மலக்குடல் வழியே கையை விட்டு அதைப் பிடித்து நிமிர்த்தவும் வழியில்லை. கிடாய் சேரும்போது இது பெரிய தடையில்லை. அதன் ஒரு மில்லி விந்தில் 300 கோடிக்கும் மேல் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை கழுத்தின் சளியில் தங்கி, மடிப்புகளில் பதுங்கி, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். உறைந்து உருகிய உயிரணுவுக்கு அந்தத் தெம்பு இல்லை, ஆயுளும் குறைவு. வாசலில் விட்டால் வீட்டுக்குள் போவதற்குள் பெரும்பகுதி செத்துவிடும். அதனால்தான் உறைவிந்தைக் கழுத்தின் வாயில் வைக்கும் முறையில் செம்மறியில் கிடைக்கும் சினை பெரும்பாலும் நூற்றுக்குப் பத்திலிருந்து முப்பதுக்குள் நின்றுவிடுகிறது. மாட்டுக்கான பெருக்கலில் ஐந்தாவதாக ஓர் எண் சேர்கிறது. மற்ற நான்கையும் 90-க்கு உயர்த்தினாலும் அந்த எண் மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும்.

இந்தச் சுவரைத் தாண்ட ஆஸ்திரேலியர்கள் 1980-களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார்கள். பெட்டையைப் பட்டினி போட்டு, தொட்டிலில் மல்லாத்திப் பின்பக்கம் உயர்த்தி, வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப் வழியே பார்த்துக் கருப்பைக் கொம்பிலேயே விந்தைச் செலுத்துவது. உறைவிந்தானாலும் ஐம்பது முதல் எழுபது சதவீதம் நிற்கிறது. அருமையான முறை. ஆனால் அதற்குக் கால்நடை மருத்துவர் வேண்டும், மயக்க மருந்து வேண்டும், வாயுக் கலன் வேண்டும், நுண்ணுயிர் நீக்கிய கருவி வேண்டும். மெரினோ கிடாய் ஒன்று பெருந்தொகைக்கு ஏலம் போகும் நாட்டில் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. நல்லம்பள்ளிச் சந்தைக்குக் குட்டியை ஓட்டி வந்து கறி விலைக்கு விற்பவருக்கு இல்லை.

இரண்டாவது சாட்சி பருவம். இதை ஏனோ திட்டம் எழுதுபவர்கள் லேசாகக் கடந்துவிடுகிறார்கள். பசு கத்தும், வெள்ளாடு வாலை ஆட்டிக்கொண்டு கனைக்கும். செம்மறி? பக்கத்தில் கிடாய் இல்லாவிட்டால் எதையும் காட்டாது. 17 நாளுக்கொரு முறை வரும் பருவம், ஒன்று ஒன்றரை நாள் இருந்துவிட்டு, மேய்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். கண்டுபிடிக்க வேண்டுமானால் வயிற்றில் துணி கட்டிய கிடாயை மந்தையில் விட வேண்டும். கண்டுபிடிக்கவே கிடாய் வேண்டும் என்றால் அந்தத் துணியை அவிழ்த்துவிட்டால் போதாதா என்று ஒரு மேய்ப்பர் கேட்டால் அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல.

பதில் ஒன்று உண்டு, ஆனால் அது செலவு பிடித்தது. புரோஜெஸ்டிரான் ஏற்றிய பஞ்சைப் பெட்டையின் பிறப்புறுப்பில் 12 முதல் 14 நாள் வைத்து எடுத்து, எடுத்த அன்று சினைக்குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்த ஹார்மோனை ஊசியாகப் போட்டால், மந்தை முழுவதும் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வரும். ஐம்பது மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக எல்லாவற்றுக்கும் விந்து செலுத்தலாம். ராஜஸ்தான் அவிகாநகரில் 1962-ல் தொடங்கிய மத்தியச் செம்மறி ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பஞ்சை உள்நாட்டிலேயே தயாரித்து விலையைக் குறைத்தது பாராட்டத்தக்க வேலை. ஆனால் குதிரை ஹார்மோனை அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பெட்டைக்குப் போட்டால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிப் பலனைக் குறைக்கும் என்பது பிரான்சில் கண்ட உண்மை.

பிரான்சை ஆதரவுக்கு அழைப்பவர்கள் பலர். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் லக்கோன் செம்மறியில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கருவூட்டல் நடக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் உறைவிந்தை நம்பவில்லை. காலையில் எடுத்த விந்தை 15 டிகிரியில் குளிர வைத்து, அன்றைய வேளைக்குள் பண்ணைக்குக் கொண்டுபோய்ச் செலுத்திவிடுகிறார்கள். அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டின் பாலும் அளக்கப்பட்டு, எந்தக் கிடாயின் மகள்கள் நன்றாகக் கறக்கின்றன என்பது எண்ணாகத் தெரியும். நாம் பிரான்சின் ஊசியைப் பார்க்கிறோம், பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

நார்வேயின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே விவசாயியே உறைவிந்தைக் கழுத்தைத் தேடாமல் பிறப்புறுப்பின் ஆழத்தில் விட்டுவிடுகிறார். பத்தில் ஆறு நிற்கிறது. அப்படியானால் மேலே சொன்ன சுவர் வெறும் கட்டுக்கதையா? அயர்லாந்துக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. பல இனப் பெட்டைகளுக்கு ஒரே முறையில் உறைவிந்து செலுத்திப் பார்த்தார்கள். ஃபின் இனத்தில் நன்றாக நின்றது. சஃபோக்கில் படுமோசம். வேறுபாடு விந்தில் இல்லை, பெட்டையின் இனத்தில், அதன் கழுத்துச் சளியில் இருந்தது. தருமபுரிக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவு. வேறு நாட்டு வெற்றியையோ, வேறு இனத்தில் கண்ட தோல்வியையோ மேச்சேரிக்கு மாற்றி எழுத முடியாது. திட்டத்துக்கு முன் மேச்சேரிப் பெட்டையின் கழுத்துக்குள் கருவி எவ்வளவு போகிறது, அதன் சளியில் உறைவிந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை அளந்தாக வேண்டும். செலவு அதிகமில்லாத சோதனைதான்.

இப்போது எதிர்த்தரப்பை, அதாவது கிடாயை, கூண்டில் ஏற்றுவோம். முப்பது பெட்டை உள்ள மந்தை. நல்ல கிடாய் ஒன்றை விட்டால் ஒரு சுற்றில் நான்கில் மூன்று பங்கு சினை நிற்கும் என்று வைத்துக்கொள்வோம், 22 ஆயிற்று. மீதி அடுத்த 17 நாளில் பருவத்துக்கு வந்து, ஒன்றரை மாதத்துக்குள் 28 ஆகிவிடும். அதே மந்தையில் கழுத்துவாயில் உறைவிந்து என்றால் ஆறு, குளிர்விந்து என்றால் பதினைந்து, லேப்ராஸ்கோப் என்றால் பதினெட்டு. எந்த முறையானாலும் மிச்சத்துக்குக் கிடாய் வேண்டும். கிடாயை ஒழிக்க வந்த தொழில்நுட்பம் இல்லை இது, கிடாயோடு சேர்ந்து வாழ வேண்டியது.

கிடாய்க்கும் குறை உண்டு. மே மாத வெயிலில் விரை சூடேறினால், விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், அதன் கேடு ஜூலையில் தெரியும். கிடாய் ஏறிக்கொண்டுதான் இருக்கும், குட்டிதான் இருக்காது. கருச்சிதைவு நோயை மந்தைக்கு மந்தை கொண்டுபோகும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, ஒரே கிடாயை மூன்று நான்கு ஆண்டு வைத்திருந்து அது தன் மகள்களோடே சேர்வது. குட்டி சிறுக்கிறது, சாவு கூடுகிறது, 'ஆடு முன்ன மாதிரி இல்லீங்க' என்ற புலம்பல் பிறக்கிறது. இதற்கு மருந்தாகச் சினை ஊசியை முன்வைப்பவர்களைக் கேட்கிறேன்: ஈராண்டுக்கொருமுறை அடுத்த ஊர் மந்தையோடு கிடாயை மாற்றிக்கொண்டால் இதே பலன் கிடைக்காதா? பொட்டனேரியின் பொலிகிடா ஒன்று மந்தைக்கு வந்தால், அதே பரம்பரை ஆண்டுக்கு முப்பது குட்டியாகத் தானே வந்து சேரும். பஞ்சும் ஹார்மோனும் தேவையில்லை.

ஊசி வெல்வதற்கு ஒரே வழிதான். அது கொண்டுவரும் கிடாய், சந்தையில் கிடைக்கும் கிடாயைவிடப் பெரிதும் மேலானது என்று எண்ணால் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் எடுத்த விந்தை 10 முதல் 15 கோடி உயிரணு கொண்ட அளவுகளாகப் பிரித்தால் இருபது முப்பது பெட்டைக்கு ஆகும். ஒரு பருவம் முழுக்கக் கிடாய் செய்யும் வேலையை ஒரே காலையில் முடிக்கலாம். அத்தனை பெருக்கும் கருவி, நல்லதைப் பெருக்குவதுபோலவே கெட்டதையும் பெருக்கும். எடைப் பதிவேடு இல்லாத மந்தைகளின் கிடாயை ஊசியில் ஏற்றுவது பெயர் தெரியாத விதையை மாவட்டம் முழுக்கத் தூவுவதற்குச் சமம். ஆலம்பாடியில் நமக்கு இந்தப் பட்டறிவு உண்டு. ஜெர்சிக் குச்சி எளிதாகக் கிடைத்த காலமெல்லாம் உழவு மாட்டின் குச்சியைத் தேடியவர் இல்லை. இனம் அருகிய பிறகு இம்மாவட்டத்தில் ஆலம்பாடிக்கென ஆராய்ச்சி மையம் தேவைப்பட்டது. அந்தப் பசுக்களில் ஊசி வெற்றிதான், சினை நின்றது, கன்று பிறந்தது. எந்தக் கன்று என்ற கேள்வியைத்தான் வெற்றிக் கணக்கு கேட்கவில்லை.

வெள்ளாட்டை இதே தட்டில் வைக்கக் கூடாது. தருமபுரியும் சேலம் கருப்பு ஆட்டின் தாயகங்களில் ஒன்று. வெள்ளாட்டின் கழுத்து செம்மறியுடையதைவிட நேரானது. பழகிய கைக்குக் கருவியைக் கழுத்தில் பாதிக்கு மேலோ முழுவதுமோ உள்ளே செலுத்த முடிகிறது. பருவம் வெளிப்படையாகத் தெரிகிறது, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறது. இரண்டு மூன்று ஆடு மட்டும் வைத்திருக்கும் வீட்டில் கிடாய் வளர்ப்பது கட்டுப்படியாகாது, ஊசி அந்த வீட்டுக்குத்தான் உண்மையில் உதவும். உறைய வைப்பதில் மட்டும் ஒரு சிக்கல்: கிடாயின் விந்துத் திரவத்தில் உள்ள ஒரு நொதி, விந்தைக் காக்கச் சேர்க்கும் முட்டை மஞ்சளோடு வினைபுரிந்து உயிரணுவைக் கொல்லும். அதனால் கழுவிப் பிரித்து எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் தீர்ந்த சிக்கல்தான் அது. பன்றியில் நிலைமை இன்னும் எளிது. உலகெங்கும் அதற்கு உறைவிந்தே பெரும்பாலும் இல்லை, 17 டிகிரியில் வைத்த குளிர்விந்தை ஓரிரு நாளுக்குள் போட்டு நல்ல பலன் எடுக்கிறார்கள். உறைய வைக்காத விந்துக்கு இருக்கும் வலிமையை அங்கே பார்க்கலாம்.

என் தீர்ப்பை இப்படி எழுதுகிறேன். மாட்டில் புது வகைக் குச்சிக்குச் செலவிடும் முன், கிளை நிலையத்திலிருந்து மாட்டுக்கு வந்து சேரும் நேரத்தைக் குறைக்கவும், கொள்கலத்தில் நைட்ரஜன் மட்டத்தை வாராவாரம் அளக்கவும், ஊசி எண்ணிக்கைக்குப் பதிலாகச் சினை எண்ணிக்கையைக் கேட்கவும் செலவிட வேண்டும். வெள்ளாட்டில் உறைவிந்து ஊசியை ஊர் ஊராகக் கொண்டுபோகலாம், தயங்கக் காரணம் இல்லை. செம்மறியில், ஊர் மந்தைகளுக்கு உறைவிந்து வேண்டாம். கிடாய் மாற்றமும், கிடாய் விடும் முன் இரண்டு மூன்று வாரம் பெட்டைகளுக்குக் கடலைக்கொடியும் சுபாபுல் தழையும் கூடுதலாகப் போடுவதும், சேர்ந்த பிறகு சில வாரம் நெடுந்தூரம் ஓட்டாமல் இருப்பதும் அதைவிடக் கூடுதல் குட்டி தரும். ஊசி போட வேண்டிய இடம் ஒன்றுண்டு. பென்னாகரம், நல்லம்பள்ளிப் பகுதியில் பிறப்பு எடையும் மூன்று மாத எடையும் எழுதி வைக்க ஒப்புக்கொள்ளும் சில மந்தைகளைத் தேர்ந்து, பொட்டனேரியில் காலை ஆறு மணிக்கு எடுத்த குளிர்விந்தைத் தொப்பூர் வழியே ஒன்பது மணிக்குள் கொண்டுவந்து, பஞ்சு எடுத்த பெட்டைகளுக்குச் செலுத்தலாம். குளிர்விந்தின் ஆயுளுக்குள் அந்தத் தொலைவு தாராளமாக அடங்கும். நைட்ரஜன் வேண்டாம், வெப்பம் தாங்கும் குடுவையும் ஒரு வண்டியும் போதும். அந்த மந்தைகளில் பிறக்கும் கிடாய்க்குட்டிகள் மற்ற ஊர்களுக்குப் பொலிகிடாவாகப் போகட்டும்.

இந்தத் தீர்ப்பு மாறவும் கூடும். மேச்சேரிப் பெட்டையிடம் நார்வே முறையில் உறைவிந்து பாதிக்கு மேல் நிற்கிறது என்று சோதனை காட்டினால், கிடாய்க்கான என் வாதத்தில் செலவுப் பகுதி உடைந்துபோகும். ஊசி வழிப் பிறந்த குட்டி மூன்றாம் மாதத்தில் அதே மந்தையின் மற்றக் குட்டியைவிடக் குறைந்தது ஒரு கிலோ கூடுதலாக நிற்கிறது என்று பதிவேடு காட்டினால், மிச்சமும் உடையும். இரண்டையும் தராசு வைத்துத்தான் தீர்க்க முடியும், அந்தத் தராசு மந்தைக்குள் வரும்வரை தருமபுரிச் செம்மறிக்கு நான் கிடாயின் பக்கம்.